பகலவன் பேரில் ஒரு பாடு

நாற்பத்திரண்டு சட்டைகள் மினி லாரியில் வந்து இறங்கின. எல்லாம் ஆரஞ்சு. முதுகில் ஒற்றைக் காலில் நிற்கும் ஒரு பூநாரை, நெஞ்சில் அவரவர் பெயர், பெயருக்குக் கீழே 'சூழல் வழிகாட்டி' என்ற பட்டம். கழிமேட்டுக்குப்பத்து ஆண்கள் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டார்கள். பட்டம் வாங்குவது அவ்வளவு சுலபம் என்று அவர்களுக்கு அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை.

முப்பத்தைந்து சட்டைகள் போயின. மிச்சம் ஏழு பிளாஸ்டிக் உறையோடு மேசைமேல் கிடந்தன. அந்த ஏழு பேரும் செத்துப்போயிருந்தார்கள். மூத்தவர் போய்ப் பதினாறு வருஷம்.

செத்தவர்கள் ஓட்டுப் போட்டு இந்த ஊர் பார்த்திருக்கிறது. செத்தவர்களுக்குப் படகு ஓட்டும் வேலை கிடைத்தது அதுதான் முதல் தடவை.

தப்பு யாருடையது என்று பார்த்தால் யாருடையதுமில்லை. எண்ணூர்க் கழிமுகத்தில் படகுச் சுற்றுலா வரப்போகிறது என்று முடிவானதும், திட்ட மேலாளர் எழிலன் தலைவர் மாசிலாமணியிடம் வந்து, "உங்க ஊர்ல மீன்பிடிக்கிறவங்க லிஸ்ட் ஒண்ணு வேணும் சார்" என்று கேட்டார். தலைவரிடம் ஒரே ஒரு லிஸ்ட் இருந்தது. பச்சை அட்டை போட்ட பாடு நோட்டு. அதைக் கொடுத்தார். எழிலன் அதைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு போனார். நோட்டில் நாற்பத்திரண்டு பெயர் இருந்தது, நாற்பத்திரண்டு சட்டை வந்தது.

பாடு என்றால் முறை. ஆற்று நீர் கடல் பக்கம் இறங்கி வத்தும்போது குறுக்கே கழி நட்டு வலை கட்ட நல்ல இடம் மூன்றுதான். எல்லாரும் ஒரே நாளில் போனால் மண்டை உடையும் என்பதால், தை அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் சீட்டுக் குலுக்கிப் போட்டு, இன்ன நாள் இன்ன இடம் இன்னாருக்கு என்று வருஷம் முழுக்க எழுதிவிடுவார்கள். ஒரு நாளைக்கு மூன்று பேர். ஒருத்தனுக்குப் பதினாலு நாளைக்கு ஒரு தடவை பாடு வரும். குலுக்குவதற்கு முன்னால் தலைவர் ஒவ்வொரு பெயராக உரக்கக் கூப்பிடுவார். பெயருக்குரியவன் "கீறேன்" என்று, அதாவது இருக்கிறேன் என்று, சொல்ல வேண்டும். மூன்று தடவை கூப்பிட்டும் சத்தம் வராவிட்டால் பெயர் அடிபடும்.

ஒருத்தன் செத்துப்போனால் பெயரை உடனே அடிப்பதில்லை. பெண்டாட்டி இருக்கும்வரை, அவள் வேறு கல்யாணம் கட்டாதவரை, பெயர் நோட்டில் நிற்கும். அவன் அப்பனோ தம்பியோ மகனோ அவன் முறையன்று வலை கட்டி, வந்ததில் பாதியை அவளுக்குக் கொடுக்க வேண்டும். பெயரைக் கூப்பிடும்போது அவர்களேதான் பதிலும் சொல்ல வேண்டும். "அவன் சார்பா நான் கீறேன்" என்று இழுக்கிற வழக்கமெல்லாம் கிடையாது. வெறும் "கீறேன்" மட்டும்தான்.

கோதண்டம் மூன்று வருஷமாக இரண்டு தடவை "கீறேன்" சொல்கிறவர். தன் பெயருக்குச் சொல்லும்போது ஆற்றின் அக்கரைக்குக் கேட்கும். மகன் பகலவன் பெயருக்குச் சொல்லும்போது முகத்தைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, பக்கத்தில் நிற்பவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்வார்.

பகலவன் ஆற்றில் சாகவில்லை. ஆற்றில் சாகிற அளவுக்கு அங்கே வேலை இருந்திருந்தால் அவன் ஏன் வெளியே போகிறான். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து முழங்காலாழம் ஆகிவிட்ட ஆற்றில் வலையைக் கட்டிவிட்டு, வந்த இறாலை, அவர்கள் வாயில் எறாவை, விரல் விட்டு எண்ணி, நாலு மாசம் பார்த்தான். அப்புறம் ஒரு காண்ட்ராக்ட்காரனோடு டேங்க் கழுவுகிற வேலைக்குப் போனான். ஒன்பதாம் நாள் டேங்குக்குள் இறங்கினவனை மற்றவர்கள்தான் மேலே தூக்க வேண்டியிருந்தது. அந்த வருஷம்தான் நீலாவைக் கல்யாணம் கட்டியிருந்தான்.

நீலாவுக்கு இப்போது இருபத்தாறு வயது. மணலி புதுநகர்ப் பக்கம் ஒரு பேக்கிங் ஷெட்டில் வேலை செய்கிறாள். பன்னிரண்டு மணி நேரம் நின்றபடி அட்டைப்பெட்டியை மடிக்க வேண்டும், உட்கார்ந்தால் சூப்பர்வைசருக்கு ஆகாது. வீட்டுக்கு வந்தால் கணுக்கால் இரண்டும் ஊறின பன் மாதிரி இருக்கும். மாமியார் கெங்கம்மா வெந்நீர் வைத்துக் கொடுப்பாள். வாயைத் திறந்து ஒரு நல்ல வார்த்தை சொல்ல மாட்டாள். "ஏம்மே, கால அதுல வையி. அயகு பாத்துக்கினு குந்திக்கினு கீற" என்பாள். அதுதான் அவள் பாசம்.

சட்டை வந்த அன்று கோதண்டம் இரண்டு உறைகளோடு வீட்டுக்கு வந்தார். தன்னுடையதைக் கொடியில் போட்டார். மற்றதை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கெங்கம்மா வாங்கி உறையைக் கிழித்து, நெஞ்சில் இருந்த எழுத்தைத் தடவிப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. இருந்தாலும் அந்த ஐந்து எழுத்து தெரியும்.

அவள் அதைச் சோப்புப் போட்டுத் துவைத்தாள். புதுச்சட்டையை எதுக்குத் துவைக்கிறாய் என்று கேட்டதற்கு, கஞ்சி போனால்தானே உடம்பில் குத்தாது என்றாள். யார் உடம்பில் என்று கோதண்டம் கேட்கவில்லை.

பத்து நாளில் எழிலன் திரும்பி வந்தார். இந்தத் தடவை முகத்தில் சிரிப்பு இல்லை. மேலே யாரோ கணக்குப் பார்த்ததில், நாற்பத்திரண்டு பயனாளிகளில் ஏழு பேருக்கு ஆதார் அட்டை உயிரோடு இல்லை என்று தெரிந்திருந்தது. ஊரைக் கூட்டி உட்கார வைத்துப் பேசினார். நல்ல பையன்தான், வேளச்சேரியிலிருந்து தினமும் வருகிறவன். ஆனால் வாயைத் திறந்தால் அறிக்கைதான் வரும். நீலப் பொருளாதாரம் என்றார். வாழ்வாதார மடைமாற்றம் என்றார். சமூகப் பங்கேற்பின் மூலமாகக் கழிமுகத்தை மீட்டுருவாக்கம் செய்வது என்றார். "மீட்டுருவாக்கம்னா சாம்பல வாரிடுவாங்களா" என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார். அது வேறு துறை என்றார் எழிலன்.

கடைசியில் விஷயத்துக்கு வந்தார். செத்தவர்கள் ஏழு பேருக்கும் வாரிசுகள் ஒரு கடிதம் தர வேண்டும். இன்னார் இறந்துவிட்டார், இவர் மீன்பிடிப்பதில்லை, மீனவர் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், அவர் இடத்தில் வீட்டில் வேறொருவருக்கு வேலை. பெண்களும் வரலாம். மாசச் சம்பளம், நிழலில் உட்காரும் வேலை. ஏழு கடிதமும் வந்தால்தான் படகுச் சுற்றுலா தொடங்கும். திறப்பு விழாவுக்குத் தேதி குறித்தாகிவிட்டது, பெரிய மனுஷர் வருகிறார், பந்தலுக்கே முன்பணம் கொடுத்தாகிவிட்டது.

ஆறு வீட்டில் அன்றைக்கே கையெழுத்துப் போட்டார்கள். ஒரு வீட்டில் மட்டும் அண்ணன் தம்பி இரண்டு பேர் ஒரே அப்பாவைத் தனித்தனியாகச் சாகடித்து இரண்டு கடிதம் கொடுத்தார்கள்.

கோதண்டம் கையெழுத்துப் போடவில்லை.

எழிலன் வீட்டுக்கே வந்து ஸ்டூலில் உட்கார்ந்து பொறுமையாகப் பேசினார். மரணச் சான்றிதழ் இருக்கிறதல்லவா, அதை வாங்கக் கையெழுத்துப் போட்டது நீங்கள்தானே. ஆஸ்பத்திரியில் போட்டீர்கள், போலீஸ் ஸ்டேஷனில் போட்டீர்கள், ரேஷன் கார்டில் பெயரை எடுக்கவும் நீங்களேதான் போட்டீர்கள். இதுவும் அப்படி ஒரு தாள்தானே.

"அதெல்லாம் உங்க நோட்டு சார்," என்றார் கோதண்டம். "இது எங்க நோட்டு."

எழிலன் கெங்கம்மா கொடுத்த டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனார்.

அப்புறம் ஊரே பேசியது. தண்ணிக் குழாயில் பேசியது, சவரக்கடையில் பேசியது. ஒரு செத்தவனுக்காக நாற்பத்தோரு குடும்பம் காத்துக்கொண்டிருக்க வேண்டுமா என்று பேசியது. நாற்பத்தொன்றில் ஆறு செத்தவர்களும் சேர்த்திதான் என்பதை யாரும் கழித்துப் பார்க்கவில்லை. நேற்றுவரை "நைனா" என்று கூப்பிட்டவர்கள் ஆற்றங்கரையில் பார்த்தால் வலையைப் பிரிப்பதில் ரொம்ப மும்முரமாக இருந்தார்கள்.

கமால் பாயைத் தூது அனுப்பினார்கள். ராயபுரத்து கமால் பாய் இருபது வருஷம் அந்தக் கரையில் தராசோடு நின்று எறா வாங்கினவர். எறா போன பிறகு அவரும் போயிருக்கலாம், போகவில்லை. படகுத்துறைக்குப் பக்கத்தில் லெமன் சர்பத் கடை போட இடம் பிடித்துவிட்டார். பழைய தராசைப் பளபளவென்று தேய்த்துக் கடை வாசலில் தொங்கவிட்டிருந்தார். அலங்காரத்துக்கு. வருகிறவர்கள் படம் எடுத்துக்கொள்வார்களாம்.

"அண்ணாத்தே, நானே மாறிட்டேன்," என்றார் கமால் பாய். "உங்கைல எறா வாங்கின கையி, இப்ப எலுமிச்சம்பயம் புயிஞ்சிக்கினு கீது. இன்னா செய்ய."

"உனுக்கு இன்னா பாய். எறா செத்துட்ச்சின்னு எய்திக் குடுன்னு யாராச்சும் கேட்டாங்களா உன்ன."

கமால் பாய் கொஞ்ச நேரம் தாடியைச் சொறிந்தார். பகலவன் சின்ன வயதில் தன் தராசுத் தட்டில் ஏறி உட்கார்ந்து எடை பார்க்கச் சொன்னது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். தூது வந்ததை மறந்து, மூக்கைச் சிந்திக்கொண்டு போனார்.

இதற்கு நடுவில் ஒரு வெள்ளோட்டம் நடந்தது. அண்ணா நகரிலிருந்து பத்துப் பேரை அழைத்து வந்து படகில் உட்கார வைத்து, கோதண்டத்தை ஓட்டச் சொன்னார்கள். ஊரிலேயே ஆற்றை நன்றாகத் தெரிந்தவர் அவர்தான், ஊருக்கு அவர்மேல் கோபம் இருந்தாலும். பேசுவதற்கு ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். விளம்பரப் பலகையில் இருந்த கழிமுகப் படத்தில் புகைபோக்கிகளைக் கம்ப்யூட்டரில் அழித்திருந்தார்கள். நேரில் அவற்றை யாராலும் அழிக்க முடியவில்லை. வள்ளூர்ப் பக்கம் அவை வழக்கம்போலப் புகைந்துகொண்டிருந்தன. ஒரு அம்மாள் தண்ணீரில் கைவிட்டுவிட்டு, "அட, வெதுவெதுன்னு இருக்கே, வெந்நீர் ஊற்றா" என்று கேட்டாள். கோதண்டம் தாளைப் பார்த்தார். அதில் அதற்குப் பதில் இல்லை.

"கரண்டு எடுத்துட்டு உட்ற தண்ணிம்மா," என்றார். "மீனுங்குளுக்கும் இன்னான்னு தெரியாம வந்து பாத்துட்டுப் பூடும்."

அவர்கள் ரசித்துச் சிரித்தார்கள். எழிலன் அந்தப் பதிலைக் குறித்துக்கொண்டார், தவிர்க்க வேண்டியவை என்ற தலைப்பில்.

தை பிறந்தது. குலுக்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது தலைவர் மாசிலாமணி ஒரு வழி சொன்னார். கோதண்டம் எதையும் எழுதித் தர வேண்டாம். குலுக்கலன்று வழக்கம்போல நோட்டைப் படிக்கிறேன். பகலவன் பேருக்கு யாரும் சத்தம் கொடுக்காவிட்டால் நம் வழக்கப்படி அடிபடும். அப்புறம் கடிதத்தை ஊர் பேரில் நானே கொடுத்துவிடுகிறேன், நீலாவுக்கு வேலை வந்துவிடும். சத்தம் கொடுத்தால் கொடு, உன் இஷ்டம், பந்தல்காரனுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். யோசித்துப் பார்த்தால் அது நியாயமான வழிதான். நியாயமான வழிகளில்தான் தப்பிக்க இடமே இருப்பதில்லை.

குலுக்கலுக்கு முந்தின நாள் பகலவனுடைய கடைசிப் பாடு. பாலத்தடி. மூன்றில் நல்ல இடம் அதுதான், அதாவது ஒரு காலத்தில்.

விடிந்ததும் கோதண்டம் கழியையும் வலையையும் படகில் ஏற்றினார். நீலா ஷெட்டுக்கு லீவு சொல்லிவிட்டு வந்து நின்றாள். பெண்கள் பாடு கட்ட வருகிற வழக்கம் இல்லை. அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்துவிட்டாள். கோதண்டம் மனைவியைப் பார்த்தார். கெங்கம்மா தூக்குச்சட்டியில் பழையதும், வறுத்த நெத்திலியும், இரண்டு பச்சைமிளகாயும் வைத்து நீலா மடியில் கொடுத்தாள். "ரெண்டு பேரும் துன்னுங்க. ஒருத்தர ஒருத்தர் துன்னாதீங்க" என்றாள்.

நீர் வத்த ஆரம்பித்திருந்தது. பாலத்தடியில் கோதண்டம் இறங்கினார். ஆழம் தொடைவரைதான், அதில் பாதி சாம்பல் சேறு. ஒவ்வொரு காலையும் பிடுங்கிப் பிடுங்கி வைக்க வேண்டும். கழியை நட்டு, உடம்பின் எடையைப் போட்டு அழுத்தி, வலையை விரித்துக் கட்டினார். நீலா படகிலிருந்து கயிற்றைப் பிடித்துக் கொடுத்தாள். பாலத்துக்கு மேலே கண்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. நீர் வற்றி முடிய இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். படகில் ஏறி இரண்டு பேரும் பழையது சாப்பிட்டார்கள்.

அவர் கைகழுவுகிறவரை காத்திருந்து நீலா சொன்னாள்.

"மாமா, நாளைக்கு நீங்க சத்தம் குடுக்கறதும் குடுக்காததும் உங்க இஷ்டம். நான் வேலைக்கோசரம் சொல்லல."

அவர் வலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு வருசமா பூவரச மரத்தாண்ட பொம்பளைங்களோட நின்னுக்கினு கீறேன். அவுரு பேரக் கூப்டுவாங்க. கீறேன்னு சத்தம் வரும். நீங்கதான்னு எனுக்குத் தெரியும். தெரிஞ்சே திரும்பிப் பாக்கறேன் மாமா. ஒவ்வொரு தபாவும்." தூக்குச்சட்டியை மூடினாள். "உங்க சத்தமும் அவுரு சத்தமும் ஒரே மாதிரி கீது. மெதுவா சொன்னா."

அவர் படகின் விளிம்பில் காய்ந்திருந்த சேற்றை நகத்தால் சுரண்டினார்.

"வருசத்துக்கு ஒரு நாளு அவன் பேர நாலு பேரு முன்னால சத்தமா கூப்டறாங்க. அதுவும் போச்சின்னா அப்பால எவன் கூப்டுவான் அவன?"

நீலா கூடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

வலையைத் தூக்கியபோது பிளாஸ்டிக் கவர்கள், ஒரு செருப்பு, கரிந்த நிறத்தில் ஒரு பிடி எறா, மூன்று மடவை மீன் வந்தன. ஒவ்வொன்றும் உள்ளங்கை நீளம்தான், ஆனால் உயிரோடு துள்ளின. பாதி அவளுக்கு என்பது வழக்கம். கோதண்டம் எல்லாவற்றையும் அவள் கூடையில் போட்டார். பிறகு கழியைப் பிடுங்கினார். நட்டதைவிடப் பிடுங்குவதற்கு அதிக நேரம் ஆயிற்று. சேறு விடவில்லை.

அன்றைக்குக் கெங்கம்மா மடவையில் குழம்பு வைத்தாள். மாங்காய் போட்டு, மகனுக்குப் பிடித்த மாதிரி. மூன்று பேருக்கு மூன்று மீன். மீனில் மண்ணெண்ணெய் வாசம் லேசாக இருந்தது. முள்ளை மட்டும் மிச்சம் வைத்துச் சாப்பிட்டார்கள்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் குலுக்கல். படகுத்துறைக்குப் போட்டிருந்த பந்தல் கரையை அடைத்துக்கொண்டிருந்ததால் அதன் கீழேயே உட்கார்ந்தார்கள். பின்னால் 'நல்வரவு' பேனர். பாதிப் பேர் ஆரஞ்சுச் சட்டையில் வந்திருந்தார்கள். எழிலன் ஓரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, மரபறிவு என்று ஏதோ ஒரு தலைப்பில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். பெண்கள் வழக்கம்போலப் பூவரச மரத்தடியில் நின்றார்கள். அதன் இலைகளில் சாம்பல் பவுடர் பூசின மாதிரி இருந்தது.

தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பச்சை நோட்டைப் பிரித்தார். ஒவ்வொரு பெயராகப் படித்தார். "கீறேன்", "கீறேன்" என்று சத்தம் வந்தது. கடிதம் கொடுத்த ஆறு பெயர்களையும் ஒப்புக்கு மும்மூன்று தடவை கூப்பிட்டு, அடித்துக்கொண்டே போனார். இரண்டு கடிதம் கொடுத்த அண்ணன் தம்பி அப்பா பெயர் வந்தபோது ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் தரையைப் பார்த்தார்கள்.

"பகலவன்."

பந்தலில் துணி படபடத்தது. கோதண்டம் முகத்தை ஆற்றுப் பக்கம் திருப்பினார், எப்போதும் போல. பக்கத்தில் இருந்தவன் காதைக் கொடுத்தான். ஒன்றும் வரவில்லை.

"பகலவன்."

கெங்கம்மா முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள்.

தலைவர் உடனே அடுத்த தடவை கூப்பிடவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்ப மாட்டினார். அவரால் கொடுக்க முடிந்த அவகாசம் அவ்வளவுதான்.

"பகலவன்."

யாரும் சத்தம் கொடுக்கவில்லை. ஆனால் நீலா திரும்பிப் பார்த்தாள்.

தலைவரின் பேனா மை தீர்ந்து வெறும் கோடாகக் கீறியது. உதறிப் பார்த்தார். எழிலன் எழுந்து வந்து தன் பேனாவைக் கொடுத்தார். நல்ல பேனா. ஒரே இழுப்பில் அடித்தது.

"கோதண்டம்," என்று அடுத்த பெயரைப் படித்தார் தலைவர்.

அக்கரைக்குக் கேட்கிற அந்தக் குரலுக்கு எல்லாரும் காத்திருந்தார்கள். வரவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டார். கெங்கம்மா முந்தானையை வாயிலிருந்து எடுத்துவிட்டு இரண்டடி முன்னால் வந்தாள். தலைவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, மூன்றாவது தடவை, கெஞ்சுகிற மாதிரி, "கோதண்டம்" என்றார்.

அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டே, பக்கத்தில் இருந்தவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, மகனுக்கு வைத்திருந்த குரலில் சொன்னார்.

"கீறேன்."